முருங்கைக்காய் மான்மியம்

"துப்பிவிடுவதற்காக ஒரு காயை ஏன் சமைக்கிறீர்கள்?" என்று எம்மை ஒருவன் கேட்டுவிட்டான். நேயர்களே, நாமும் நெடுங்காலமாக இப்பத்தியிலே உலக விவகாரங்கள் பலவற்றுக்கு அஞ்சாது தீர்ப்புக் கூறி வருகிறோம். ஆயினும் இந்த ஒரு வினாவுக்கு விடை கூற இயலாது, சோற்றுக் கவளத்தைக் கையில் ஏந்தியபடி விழித்துக்கொண்டிருந்தோம்.

கேட்டவன் கனடாவிலே பிறந்து வளர்ந்தவன். எமது பெரியம்மாவின் தங்கைக்குப் பேரன். இருபத்திரண்டு வயதில் முதன்முறையாக யாழ்ப்பாணத்து மண்ணை மிதித்திருந்தான். அவனுக்கு விருந்து வைப்பதற்காகக் கோப்பாயிலுள்ள பெரியம்மா வீட்டிலே சென்ற ஆண்டு ஒரு நாள் நாமெல்லாம் கூடியிருந்தோம். வாழையிலையிலே குத்தரிசிச் சோறு, பருப்பு, கீரை, கத்தரிக்காய், பொரித்த மிளகாய், அப்பளம். இவற்றுக்கெல்லாம் நடுநாயகமாகத் தேங்காய்ப்பால் விட்டு வற்றவைத்த முருங்கைக்காய்க் கறி.

பிள்ளை ஒரு துண்டை எடுத்தான். முழுதாக வாயினுள் இட்டான். கதவைச் சாத்துவது போல வாயை மூடினான். மென்றான். மேலும் மென்றான். பந்தியிலிருந்த அனைவரும் பேச்சை நிறுத்தி அவன் தாடையையே பார்த்திருந்தோம். நல்ல வளர்ப்பு, முகத்திலே சிரிப்பு மாறவில்லை. கண்களிலே மாத்திரம் நீர் துளிர்த்தது. கடைசியாக, கடவுள் மேல் பாரத்தைப் போட்டு விழுங்குவதற்குக் கழுத்தை நிமிர்த்தினான்.

"ஐயோ தம்பி, விழுங்கிப்போடாதை! சப்பிப்போட்டுத் துப்படா ராசா!" என்று பெரியம்மா அலறினார்.

அவன் துப்பினான். தண்ணீர் குடித்தான். அதன் பின்னர்தான் மேற்படி வினாவைத் தொடுத்தான். "அது அப்பிடித்தான்" என்றார் பெரியம்மா. எம்மவர் சாத்திரங்கள் பலவற்றுக்கும் பொருந்தக்கூடிய விடைதான் அது. ஆயினும் அவனுக்கு அது போதவில்லை. உண்மையைச் சொன்னால், எமக்கும் போதவில்லை.

நிற்க. ஆறுதலாக யோசிக்குமிடத்து, முருங்கைக்காயைப் போல விசித்திரமான காய் எமது அடுப்படியிலே வேறொன்றில்லை என்பது புலனாகும். கத்தரிக்காய் முழுதாகச் சரணடைந்துவிடும். வெண்டிக்காய் வழுவழுத்தாலும் வயிற்றுக்குள் போய்ச் சேரும். பூசணிக்காயிலே வேண்டாத பகுதியை அரிவாளிலேயே கழித்துவிடுகிறோம். ஆனால் முருங்கைக்காயோ, உப்பும் புளியும் உறைப்பும் பாலும் ஏற்று, இலையிலே மரியாதையுடன் பரிமாறப்பட்டு, வாயினுட் சென்று, பின்னர் வந்த வழியே திரும்பி வருகிறது. வாய்வரை போய்த் திரும்பி வரும் உரிமையை மரக்கறிகளுள் இதற்கு மாத்திரமே நாம் அளித்திருக்கிறோம். மச்சம் உண்பவருக்கு எலும்பு எப்படியோ, சைவக்காரருக்கு முருங்கைக்காய் அப்படி.

அன்றியும், இது காட்டிக்கொடுக்கும் காய். எத்தனை அப்பளம் உண்டீர்கள் என்பதற்குச் சாட்சி கிடையாது. எத்தனை முருங்கைக்காய்த் துண்டு உண்டீர்கள் என்பதற்கு இலையின் ஓரத்திலே சக்கைக் குவியல் சாட்சியாக எழுந்து நிற்கும். மாமியார் வீட்டில் முதல் விருந்துண்ணும் மாப்பிள்ளைமார், தமது குவியல் மாமனாரின் குவியலிலும் உயர்ந்துவிடாது பார்த்துக்கொள்ளுதல் நலம்.

இக்காயை உண்பவர்களை மூன்று வகுப்பினராகப் பிரிக்கலாம். துண்டை இரண்டாகப் பிளந்து, கீழ்ப்பல்லினால் சதையை வழித்தெடுத்து, வெறும் ஓட்டை ஒழுங்காக அடுக்கி வைப்போர் முதல் வகுப்பினர். இவர்கள் கணக்காளர்களாகவும் பெட்டகக் காவலர்களாகவும் விளங்கத்தக்கவர்கள். முழுத் துண்டையும் வாயிலிட்டுச் சாறு தீருமட்டும் சப்பித் துப்புவோர் இரண்டாம் வகுப்பினர். உலகில் இன்பமாக வாழ்பவர்கள் இவர்களே. கரண்டியினால் சுரண்டுவோர் மூன்றாம் வகுப்பினர். கொழும்பிலே வெள்ளை மேசைவிரிப்பு விரித்த விருந்துகளில் இவர்களைக் காணலாம். முள்ளும் கத்தியும் கொண்டு முருங்கைக்காயை வென்றவர் எவரையும் நாம் இதுவரை கண்டதில்லை. எவ்வளவு பெரிய உத்தியோகத்தராயினும் முருங்கைக்காய்க்கு முன்னால் விரலை நீட்டி, வாயைக் கோணித்தான் ஆகவேண்டும்.

பெயரை எடுத்துக்கொண்டாலும் விசித்திரந்தான். ஆங்கிலேயர் இதன் உருவத்தைப் பார்த்து 'மேளக்குச்சி' என்று பெயரிட்டார்கள். இதன் வேரை முகர்ந்து பார்த்து, தம் நாட்டிலே இறைச்சியுடன் தொட்டுக்கொள்ளும் காரக்கிழங்கின் பெயரை மரத்துக்கு வைத்தார்கள். தாவரநூலாரோ 'மொரிங்கா ஒலீபெரா' என்று எழுதுகிறார்கள். 'மொரிங்கா' என்பது தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் எமது முருங்கையேயன்றி வேறில்லை. 'ஒலீபெரா' என்பதற்கு இலத்தீனிலே எண்ணெய் தருவது என்று பொருள். விதையிலிருந்து எண்ணெய் எடுப்பார்கள். சிங்களச் சகோதரரும் 'முருங்கா' என்றே அழைக்கிறார்கள். பெயரிலாவது இத்தீவினர் ஒற்றுமைப்பட்டிருக்கும் பொருள்களுள் இதுவும் ஒன்று என்பதைக் குறித்து வைத்துக்கொள்வோமாக.

குலங்கோத்திரம் விசாரித்தால் வியப்பு மேலும் கூடும். உருவத்தைப் பார்த்து அவரை, பயற்றை வகையைச் சேர்ந்தது என்று எண்ணினால் பிழை. இதன் குடும்பத்திலே முருங்கை இனங்கள் 13 மாத்திரமே உண்டு, வேறெவரும் இல்லை. தூரத்து உறவினர் யாரென்றால் கடுகும் கோவாவும் பப்பாசியுமாம்! வேரின் காரத்தைக் கண்டால் கடுகின் சொந்தம் என்பதை நம்பலாம். காய் முற்றிக் காய்ந்ததும் மூன்று பக்கமாகப் பிளக்கிறது. உள்ளேயிருக்கும் விதைக்கும் மூன்று சிறகுகள். எல்லாவற்றையும் இரண்டு கட்சியாகப் பிரித்தே பழகிய எமக்கு இந்த மூன்று சற்றுப் புதுமையானது.

அது கிடக்க, காயை விட்டு மரத்துக்கு வருவோம். எமது நாட்டிலே முருங்கை மரத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னவர்கள் குறைவு. "முருங்கை பருத்தால் தூணாகுமா?" என்று பழமொழி கேட்கிறது. ஆகாதுதான். பலகைக்குதவாது, விறகுக்கும் சிறப்பில்லை. ஏறினால் கொப்பு முறிந்து ஏறியவர் கீழே வருவார். வேதாளம் ஒன்றுக்கே இம்மரத்தில் ஏறித் தொங்கும் தைரியம் உண்டென்று விக்கிரமாதித்தன் கதை கூறுகிறது. வேதாளத்துக்குப் பாரமில்லை என்பதை நினைவிற் கொள்க. மழைக்காலத்திலோ மசுக்குட்டிகள் கூட்டங்கூட்டமாய் அடிமரத்தை மொய்த்துக்கொள்ளும். அப்போது பந்தம் கொளுத்துவதா, கிணற்றடிக்கு ஓடுவதா என்று வீட்டார் தடுமாறுவார்கள்.

"முருங்கையை ஒடித்து வளர்; பிள்ளையை அடித்து வளர்" என்று இன்னொரு பழமொழி உண்டு. எமது இளமைக்கால ஆசிரியர் ஒருவருக்கு இதுவே வேதவாக்கு. முருங்கையை ஒடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒடித்தால் பக்கக் கொப்புகள் பல கிளம்பும். மரம் வானத்தை நோக்கி ஓடாது, காய் கைக்கெட்டும் உயரத்திலே காய்க்கும். எம்மை அடித்ததனால் எமக்குப் பக்கக் கொப்பு எதுவும் கிளம்பவில்லை என்பதை இவ்விடத்தில் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம். இப்பழமொழியின் பிற்பாதியை ஓய்வூதியம் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதே நியாயம்.

பெரியம்மாவின் முருங்கை ஒடிக்கப்பட்ட வரலாறோ வேறு விதமானது. அன்று பந்தியிலே எம்மைப் பேசவொட்டாது செய்தது அந்த வரலாறுதான்.

அம்மரம் பெரியம்மாவின் வளவிலே, மேற்கு வேலியோரமாக நின்றது. அதன் பெரிய கொப்பொன்று வேலியைக் கடந்து, அடுத்த வளவிலிருந்த வாத்தியார் வீட்டுக் கிணற்றடியை நோக்கிச் சரிந்தது. யாழ்ப்பாணத்திலே வேலி என்பது கிடுகும் கதியாலும் மாத்திரமன்று. அது ஒரு நீதிமன்றம். 1707 ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் தொகுத்து வைத்த தேசவழமைச் சட்டத்திற்கூட, அயல்வளவுக்குள் சரிந்த மரத்தின் பலன் எவருக்கு என்ற விவகாரம் பேசப்பட்டிருக்கிறதென்றால் எம்மவரின் ஊக்கத்தை என்னென்பது!

இரவிலே பெரியம்மா கொப்பிலுள்ள காய்களை எண்ணிவிட்டுப் படுப்பார். விடியற்காலையில் வாத்தியாரின் மனைவி கொக்கத்தடியுடன் கிணற்றடிக்கு வருவார். காலையிலே பெரியம்மா மறுபடி எண்ணுவார், கணக்குப் பிழைத்திருக்கும். 1984 ஆம் ஆண்டிலே ஒருநாள் கணக்கு ஐந்து காயினால் பிழைத்தது. வேலிக்கு இப்பாலும் அப்பாலும் வார்த்தைகள் பறந்தன. விதானையார் வந்து இருபக்கத்து நியாயத்தையும் கேட்டு, இருபக்கத்திலும் தேநீர் குடித்துப் போனார். அன்றிலிருந்து இரு வீட்டாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கலியாணம், செத்தவீடு எதற்கும் ஒருவர் படலையை மற்றவர் திறக்கவில்லை. ஐந்து முருங்கைக்காய், பதினொரு ஆண்டு மௌனம்!

இடையிலே காலம் கெட்டது. 1990 இன் பின்னர் குடாநாட்டுக்குப் பொருள்கள் வருவது தடைப்பட்டது. மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் தவங்கிடந்த அந்நாட்களிலே, தூணாகாத அந்த மரம் இரண்டு வீடுகளைத் தாங்கிற்று. பெரியம்மா கிழக்குப் பக்கத்துக் கொப்புகளிலே இலை ஒடித்து வறை வறுப்பார். மேற்குப் பக்கத்துக் கொப்பிலே வாத்தியார் வீட்டார் ஒடிப்பார்கள். இரு அடுப்படிகளிலும் ஒரே மரத்து இலையின் வாசம் எழும். வேலிக்கு மேலாகப் போய்வந்தது அந்த வாசம் ஒன்றுதான். அக்காலத்திலே பெரியம்மா காய்களை எண்ணவில்லை. ஏன் எண்ணவில்லை என்று நாமும் கேட்டதில்லை.

1995 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்துக் கடைசியிலே, வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் வீடு வாசலை விட்டுப் புறப்பட்ட கதையை நேயர்கள் அறிவார்கள். மழை இருட்டு. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய தெருவிலே காலடி வைக்க இடமில்லாத நெருக்கம். பெட்டியைத் தலையிலும் பேத்தியைக் கையிலும் பிடித்துக்கொண்டு நகர்ந்த பெரியம்மா, தமக்கு அருகிலே நகர்ந்த உருவத்தை ஒரு வெளிச்சத்திலே பார்த்தார். வாத்தியாரின் மனைவி. இருவரும் சிறிது தூரம் பேசாமலே நடந்தார்கள். பின்னர் அந்த அம்மா, முகத்தைத் திருப்பாமலே, பதினொரு ஆண்டு மௌனத்தைக் கலைத்துச் சொன்னார்:

"மரம் நிறையக் காயோடை நிக்குது. இனி ஆர் பிடுங்கப் போகினம்?"

பெரியம்மாவிடம் இருந்த விடையெல்லாம் அழுகைதான். சாவகச்சேரி வரையில் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி நடந்தார்களாம்.

அடுத்த ஆண்டு, 1996 இல், பெரியம்மா திரும்பி வந்தபோது வீட்டுக்குப் பாதிக் கூரைதான் இருந்தது. முருங்கை மரமோ எறிகணை பட்டு இடுப்பளவில் முறிந்து கிடந்தது. முறிந்த அடியைச் சுற்றி நான்கு கொப்புகள் கிளம்பியிருந்தன. விழுந்து கிடந்த தடியொன்றும் சும்மா கிடக்காமல், மண்ணிலே பட்ட இடத்தில் வேர்விட்டுத் துளிர்த்திருந்தது. முருங்கையின் குணம் அது. கொப்பை முறித்து நட்டால் மரமாகும். உறுதியான மரங்கள் முறிந்தால் விறகாகின்றன. பலவீனமான இம்மரம் முறிந்தால் இரண்டாகிறது. புதிய நான்கு கொப்புகளிலே ஒன்று, பழக்கதோஷம் போலும், மறுபடியும் மேற்கு வேலியைத் தாண்டிச் சரிந்தது.

ஆனால் வேலிக்கு அப்பால் எவரும் வரவில்லை. வாத்தியார் வன்னியிலேயே கண்மூடினார். அவர் மனைவியை மகள் தன்னுடன் அழைத்துக்கொண்டாள் என்று மாத்திரம் கேள்விப்பட்டோம். அவ்வளவு பற்றை மண்டிவிட்டது. கொக்கத்தடியுடன் வருவதற்கு ஆளில்லை, சண்டைக்கும் ஆளில்லை. இன்றும் பெரியம்மா அந்தக் கொப்பிலே காய்ப்பவற்றைத் தமது அடுப்பில் ஏற்றுவதில்லை. தெருவால் போகும் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக் கொடுத்துவிடுவார். காரணம் கேட்டால், "அது அவையின்ரை கொப்பு" என்பார். ஐந்து காய்க்காக விதானையாரை அழைத்த அதே பெரியம்மாதான்.

விருந்துப் பந்திக்குத் திரும்புவோம். கனடாப் பிள்ளை இரண்டாம் துண்டை எடுத்துப் பெரியம்மா காட்டிக்கொடுத்தபடி பிளந்து வழித்தான். முகம் மலர்ந்தது. மூன்றாவதை எடுத்தபோது தன் நாட்டுச் செய்தியொன்றை வெளியிட்டான். அங்கே இம்மரத்தின் இலையைக் காயவைத்துப் பொடியாக்கி, போத்தலில் அடைத்து, 'மொரிங்கா' என்று பெயரொட்டி, மருந்தும் உணவுமாக விற்கிறார்களாம். விலையையும் சொன்னான். பெரியம்மா அதை எமது ரூபாவிலே மாற்றிச் சொல்லும்படி கேட்டார். கேட்டுவிட்டு முற்றத்து மரத்தை ஒரு தடவை புதிதாகப் பார்த்தார். "இவ்வளவு காலமும் உதிலையே நான் மாட்டைக் கட்டினனான்?" என்றார்.

எமக்குத் தெரிந்ததையும் நாம் சொல்லி வைத்தோம். சூடான் நாட்டிலே நைல் நதிக்கரைப் பெண்கள் முருங்கை விதையை இடித்துக் கலங்கல் நீரிலே கலக்குவார்கள். விதையிலுள்ள சத்து நீரிலே மிதக்கும் மண்துகள்களைச் சேர்த்துப் பிடித்து அடியிலே படியவைக்கும். மேலே நீர் தெளியும். இதை அறிஞர்கள் ஆராய்ந்து உண்மையெனக் கண்டிருக்கிறார்கள். "கலங்கலைத் தெளிவிக்குமோ?" என்று மாத்திரம் கேட்டுவிட்டுப் பெரியம்மா சிறிது நேரம் பேசாதிருந்தார்.

பின்னர்தான் அது நடந்தது. பிள்ளை பயணம் புறப்படும் நாளன்று பெரியம்மா எம்மை அழைத்துக் கொக்கத்தடியைக் கையில் தந்து, மேற்குக் கொப்பிலே பத்துக் காய் பறிக்கச் சொன்னார். வாத்தியாரின் மனைவி அவன் வசிக்கும் நகரத்திலேயே மகளுடன் இருக்கிறார் என்பதை யார் யாரிடமோ விசாரித்து அறிந்து வைத்திருந்தார். காய்கள் இரண்டாக முறித்துக் கட்டப்பட்டன. கட்டுவதற்கு எடுத்த தாள் எமது இப்பத்தி வெளியாகும் ஞாயிறு மலர்தான் என்பதைக் கவனித்தோம். எமது எழுத்து இதனிலும் பயனுள்ள காரியம் எதையும் இதுவரை செய்ததில்லை. ஆகையால் வாய் திறக்கவில்லை.

விமான நிலையத்திலே பிள்ளை பொதியை மறைக்காது காட்டினானாம். அதிகாரி தாளைப் பிரித்துப் பார்த்து, இது என்ன மேளம் அடிப்பதற்கோ என்று கேட்டுச் சிரித்து அனுப்பிவிட்டாராம். நான்கு நாள் கழித்துப் பெரியம்மா வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. நாமும் அவ்வேளை அங்கிருந்தோம். பெரியம்மா காதிலே வைத்தபடி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. திடீரென்று முகம் சிவந்தது.

"என்னவாம்?" என்று கேட்டோம்.

"காய் முற்றிப்போச்சுதாம்! ரெண்டு நாளைக்கு முந்திப் பிடுங்கியிருக்க வேணுமாம்! உந்த வயதிலையும் குறை சொல்லுற குணம் போகேல்லை, பாருங்கோவன்!" என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அதன் பின்னர் ஒரு மணி நேரம் பேசினார்கள். இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பேசுகிறார்கள். பேச்சிலே பாதி சண்டைதான் என்று கேள்வி.

ஆகவே அந்தப் பிள்ளைக்கு நாம் இப்பத்தியின் வாயிலாக எமது விடையை அனுப்புகிறோம். தம்பி, முருங்கைக்காயை நாங்கள் துப்புவதற்காகச் சமைப்பதில்லை. துப்ப வேண்டியதற்குள்ளேதான் சுவை இருக்கிறது, அதனாற் சமைக்கிறோம். அயலவருடன் வாழ்வதும் ஏறக்குறைய அப்படித்தான். எதை விழுங்குவது, எதை இலையோரத்தில் ஒதுக்கி வைப்பது என்பதைக் கற்றுக்கொள்ள உனது பெரியாச்சிக்கு இத்தனை ஆண்டுகள் சென்றன. நீ மூன்றாம் துண்டிலேயே கற்றுக்கொண்டாய்.

இன்னொரு செய்தி. மேற்குக் கொப்பு இவ்வாண்டும் பூத்திருக்கிறது. இம்முறை இரண்டு நாள் முந்திப் பறிக்கும்படி எமக்கு இப்போதே உத்தரவாகியிருக்கிறது.